மூடிய சாலையில் முதலில் தொலைவது பஸ் ஸ்டாப்

சென்னையில் ஒரு சாலை மூடப்படும்போது போக்குவரத்துக் காவல்துறை ஓர் அறிவிப்பு வெளியிடும். எந்தச் சந்திப்பில் வாகனங்கள் திருப்பிவிடப்படும், எந்தத் தெரு ஒருவழிப் பாதையாகும், சுற்றிப் போய் எங்கே பழைய சாலையில் சேரலாம் என்று அம்புக்குறி போட்ட வரைபடத்துடன் தெளிவாக இருக்கும். வாகன ஓட்டிகள் ஒத்துழைக்க வேண்டும் என்ற வேண்டுகோளோடு முடியும். நாளிதழில் வருவதற்கு முன்பே குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். மாநகர பஸ்கள் எந்த வழியாகப் போகும் என்பதற்குச் சில சமயம் ஒரு வரி ஒதுக்கப்படும். எந்தெந்த நிறுத்தங்களில் இனி பஸ் நிற்காது, அதற்குப் பதில் எங்கே போய் நிற்க வேண்டும், இறங்குகிறவர்கள் எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருப்பது அபூர்வம்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, கார் வைத்திருப்பவர் கையில் வழி இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவர் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சைக்கிளில் போகிறவருக்கு அந்த அறிவிப்பில் இடமே இல்லை. சாலை எல்லோருக்கும் ஒரே நாளில்தான் மூடப்படுகிறது. ஆனால், அதற்கான விலையை எல்லோரும் ஒரே அளவில் கொடுப்பதில்லை. அதிகம் கொடுப்பவர்கள், சாலையில் மிகக் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்பவர்கள்.

தடுப்புகளுக்கு நடுவே ஒரு நகரம்

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். மாதவரம் – சிப்காட், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்கள். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 63,246 கோடி ரூபாய்க்கான இந்தத் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. புரசைவாக்கம் நெடுஞ்சாலை, ராயப்பேட்டை, லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா, ஆற்காடு சாலை, பழைய மாமல்லபுரம் சாலை என்று பெயரைச் சொன்னாலே கூட்டம் கண்முன் வரும் இடங்களில்தான் தகரத் தடுப்புகள் எழுந்தன. மயிலாப்பூரில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலையத்துக்காகத் தோண்டும் ஆழம் 35 மீட்டர். ஆற்காடு சாலையில் ஆழ்வார்திருநகருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே இரண்டு வழித்தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்கும் இரண்டடுக்குப் பாலம்.

மெட்ரோ மட்டுமா? அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே, மெட்ரோ ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்துக்கு மேலேயே, 3.2 கிலோமீட்டர் மேம்பாலப் பணி 2024-ல் தொடங்கியது. தியாகராய நகரில் உஸ்மான் சாலை மேம்பாலத்தை சி.ஐ.டி. நகர் வரை நீட்டிய வேலை, தெற்கு உஸ்மான் சாலையை நீண்ட காலம் முடக்கிப் போட்டது. இவற்றுக்கு இடையில் மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள் என்று தெருவுக்குத் தெரு பள்ளம்.

மூடாமல் வேலை செய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களை நினைவுபடுத்த வேண்டும். 2017 ஏப்ரல் 9-ம் தேதி, அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே, கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்த இடத்தில் சாலை உள்வாங்கி ஒரு மாநகர பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. 2025 ஜூன் 12-ம் தேதி இரவு, பரங்கிமலை – பூந்தமல்லி சாலையில் மெட்ரோ பாலத்தின் உத்தரங்கள் சரிந்து விழுந்ததில் பைக்கில் போனவர் உயிரிழந்தார். இப்படிப்பட்ட வேலைகளுக்கு அடியிலும் மேலேயும் போக்குவரத்தை ஓடவிடக் கூடாது. சாலையை மூடத்தான் வேண்டும். மூடும்போது யாருக்கு முதலில் வழி விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு பள்ளம், 12 பஸ்கள்

பஸ் தன் இஷ்டத்துக்குச் சந்துக்குள் திரும்ப முடியாது. பன்னிரண்டு மீட்டர் வண்டி திரும்ப அகலமான முனை வேண்டும். தாழ்வான மரக்கிளையும் கேபிளும் இருக்கக் கூடாது. அதனால் பைக்குக்கு 300 மீட்டர் சுற்று என்றால் பஸ்ஸுக்கு ஒன்றரை கிலோமீட்டர் சுற்றாகிவிடுகிறது. அந்தச் சுற்றில் நடுவிலிருக்கும் நான்கைந்து நிறுத்தங்கள் அப்படியே உதிர்ந்துபோகின்றன. நிழற்குடை அதே இடத்தில் இருக்கும். தடுப்புக்குப் பின்னால் நிற்கும் அதில் வழித்தட எண்கள்கூட அழியாமல் இருக்கும். விஷயம் தெரியாதவர் அங்கேயே காத்திருப்பார். பூக்கடைக்காரரோ ஆட்டோக்காரரோ பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

இதில் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே வராத பயணிகளும் மாட்டிக்கொள்கிறார்கள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி போன்ற நீண்ட வழித்தடங்கள் வடசென்னையையும் தென்சென்னையையும் ஒரே டிக்கெட்டில் இணைப்பவை. புரசைவாக்கம், மயிலாப்பூர், அடையாறு என்று மெட்ரோ தோண்டும் பகுதிகளைத் தாண்டித்தான் 29சி போயாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வழித்தடத்தில் 12 பஸ்கள் ஓடுகின்றன, போய்த் திரும்ப 120 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும். வழியில் ஒரு சாலை மூடப்பட்டு, சுற்றும் நெரிசலும் சேர்ந்து போய்வர 30 நிமிடம் கூடுகிறது. இப்போது பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒரு பஸ். இரண்டரை நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால், ஓட்டுநரின் எட்டு மணி நேரத்தில் 120 நிமிடத்துக்கு நான்கு நடைகள் அடங்கும். 150 நிமிடத்துக்கு மூன்றுதான் முழுதாக அடங்கும். நான்காவது நடை கட். 12 பஸ்களும் சேர்ந்து 48 நடை போன இடத்தில் 36 நடைதான். சாலையில் கூடியது கால்பங்கு நேரம். காணாமல் போனதோ கால்பங்கு சர்வீஸ். பழைய இடைவெளியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த வழித்தடத்துக்கு மூன்று பஸ்களும் அவற்றுக்கான ஓட்டுநர், நடத்துநர்களும் கூடுதலாக வேண்டும். மாநகர போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள். ஒரே சமயத்தில் இத்தனை சாலைகள் மூடப்படும்போது அந்த மூன்று பஸ்ஸை எந்த டிப்போவிலிருந்து எடுப்பது?

கட்டான அந்த ஒரு நடைக்காகப் பெரம்பூரில் நிற்கும் பெண்ணுக்கு, காரணம் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு பள்ளம் என்று தெரியாது. பஸ் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அடுத்தடுத்து மூன்று பஸ்கள் ஒன்றாக வந்து சேர்வதும் இதே கோளாறின் இன்னொரு முகம். முன்னால் போன வண்டி நெரிசலில் தாமதமாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் ஏறி அது மேலும் தாமதமாக, பின்னால் வருவது காலியாக அதைப் பிடித்துவிடுகிறது. திட்டு வாங்குவது மட்டும் நடத்துநர்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. பஸ் பாதை மாறி, வீட்டுக்கும் புதிய நிறுத்தத்துக்கும் இடையே ஒரு ஷேர் ஆட்டோ தேவைப்படுகிறது என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 20 ரூபாய், போகவர 40, மாதம் 22 வேலை நாள்: 880 ரூபாய். அரசு ஒரு கையால் கொடுத்ததில் கிட்டத்தட்ட மொத்தத்தையும் ஒரு தகரத் தடுப்பு வாங்கிக்கொள்கிறது. நான்கு வீடுகளில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பணத்தோடு நேரமும் போகிறது. ஒரு வீட்டுக்குத் தாமதமானால் அன்றைக்கு மற்ற மூன்று வீடுகளிலும் தாமதம். இது எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவாக எழுதப்படுவதில்லை. எழுதப்பட வேண்டும் என்பதை இந்த இதழ் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறது.

60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் டோக்கனைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரிடமும் கோயிலுக்கும் போகிற முதியவர்களுக்கு, கூடுதலான 400 மீட்டர் என்பது நடந்து கடக்கும் தூரம் இல்லை. அன்றைய பயணமே ரத்து. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2024-ல் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. சக்கர நாற்காலியோடு ஏற வேண்டுமானால் அந்தப் பேருந்து நடைபாதை ஓரமாக ஒட்டி நிற்க வேண்டும். தடுப்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே அது எங்கே ஒட்டி நிற்கும்? பார்வையற்றவர்கள் நிறுத்தத்தை அடி எண்ணியும், டீக்கடையின் சத்தம் வைத்தும், திருப்பத்தின் காற்றை வைத்தும் அறிந்திருப்பார்கள். ஒரே இரவில் அந்த அடையாளங்கள் அனைத்தும் பொய்யாகிவிடுகின்றன.

மூன்றடி கேட்பவர்கள்

1970-ல் சென்னையில் நடந்த பயணங்களில் ஐந்தில் ஒன்று சைக்கிளில். 2008-ல் எடுத்த கணக்கில் அது 6 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பஸ்ஸின் பங்கு அதே காலத்தில் 42-லிருந்து 26 சதவீதமாக இறங்கியது. இது தானாக நடந்ததில்லை. சாலையில் ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் யாருடைய வசதி முதலில் பார்க்கப்பட்டது என்பதன் கூட்டுத்தொகை அது.

இன்றும் சைக்கிளை நம்பியிருப்பவர்கள் யார்? விடியற்காலையில் பேப்பர் போடும் பையன், கேனில் டீ விற்பவர், இரவுப் பணி முடிந்து திரும்பும் வாட்ச்மேன், மெட்ரோ கட்டுமானத்திலேயே வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசு கொடுத்துவரும் இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவர்கள். பெட்ரோல் போட்டு ஓட்டுபவருக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று என்பது சில நிமிட எரிச்சல். மிதித்து ஓட்டுபவருக்கு அது உடம்பின் உழைப்பு. அதனால் அவர் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போகிறார், சட்டப்படி தவறு. போகாவிட்டால், டிப்பர் லாரியும் தண்ணீர் லாரியும் சேரும் ஒற்றைத் தடத்தில் அவற்றின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மிதிக்க வேண்டும். சுரங்க மண் ஏற்றிய லாரிகள் சிந்திய சேறு, பள்ளத்தை மூடிய இரும்புத் தகடுகள், மழை நாளில் இரண்டும் சேர்ந்த வழுக்கல். கார் இதன்மேல் ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கல்தான். சைக்கிளுக்கு ஒரு கை எலும்பு.

அவருக்குத் தேவை மூன்றடி. தகரத் தடுப்பை மூன்றடி உள்ளே தள்ளி நட்டு, ஓரத்தில் விளக்குப் போட்டு, சைக்கிளும் நடப்பவரும் இரு திசையிலும் நேராகப் போகலாம் என்று ஒரு பலகை வைத்தால் போதும். மூடிய சாலை அவர்களுக்குத் திறந்த சாலையாகிவிடும். பல இடங்களில் தடுப்புக்குள் ஆட்களே வேலை செய்யாத பகுதி மாதக்கணக்கில் வளைத்து வைக்கப்பட்டிருப்பதை அந்தப் பக்கம் போகிற எவரும் பார்க்கலாம். இடம் இருக்கிறது.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாகச் செலவிட வேண்டும் என்று சொன்ன கொள்கை அது. வேலை நடக்கும் இடங்களில் போக்குவரத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இந்திய சாலைக் காங்கிரஸ் தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பாதுகாப்பான வழி விட வேண்டும் என்பது அதிலும் உண்டு. விதி இல்லாமல் இல்லை. தடுப்பு நடும் அன்று அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை.

வண்டி ஓட்டுபவர்களின் பாடு

கார், பைக், ஆட்டோ ஓட்டுபவர்கள் கஷ்டப்படவில்லை என்று சொல்ல வரவில்லை. மீட்டருக்கு வெளியே பேரம் பேசிப் பிழைக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கு நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரி ஊழியருக்குச் செயலி கணக்கிடும் தூரத்துக்குத்தான் பணம். தடுப்பைச் சுற்றிய தூரத்துக்கு இல்லை. 108 ஆம்புலன்ஸுக்கு இது உயிர்ப் பிரச்னை. அதற்கு விதிவிலக்கே கிடையாது, எந்தச் சாலையை மூடினாலும் அதற்கு ஒரு வழி முன்பே குறித்து வைத்தாக வேண்டும்.

ஆனால், சொந்த வண்டிக்காரருக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்புகள் இருக்கின்றன. நேரத்தை மாற்றலாம், வழியை மாற்றலாம், கடையை மாற்றலாம், போகாமலும் இருக்கலாம். பிரிட்டனைச் சேர்ந்த போக்குவரத்து ஆய்வாளர் பில் குட்வினும் அவருடைய சகாக்களும் சாலை மூடப்பட்ட அல்லது குறுக்கப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. பாதி இடங்களில், அந்தச் சாலையையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் போக்குவரத்து 11 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. வண்டிகள் வேறு தெருவுக்கு முழுதாக இடம் மாறவில்லை. ஒரு பகுதி கரைந்தேபோனது. பயந்த அளவுக்கு நெரிசல் வரவில்லை.

கரையாத மிச்சம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். போனில் இருக்கும் வரைபடம் காட்டுகிற குறுக்கு வழியில் போகிறது. தியாகராய நகரின் உள்தெருக்கள், மந்தைவெளியின் சந்துகள், வளசரவாக்கத்தின் குடியிருப்புத் தெருக்கள் இப்படித்தான் திடீரென்று நெடுஞ்சாலைகளாயின. அதுவரை சைக்கிள் பழகவும் பிள்ளைகள் பந்து விளையாடவும் இருந்த தெருக்கள் அவை. பிரதான சாலையிலிருந்து விரட்டப்பட்ட சைக்கிள்காரர் நிம்மதியாகப் போகக் கண்டுபிடித்த வழியும் அதுதான்.

பங்குனியில் மூடும் சாலை

சாலையை மூடுவது நமக்குப் புதிதும் இல்லை. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் வண்டி நுழைய முடியாது. லட்சக்கணக்கில் கூட்டம். இருந்தும் ஊருக்கு அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். எந்த நேரத்துக்குச் சாலை அடைபடும், பஸ்ஸில் வந்தால் எங்கே இறங்கி நடக்க வேண்டும், எங்கே மோர்ப்பந்தல் இருக்கும், எத்தனை மணிக்கு எல்லாம் பழையபடி ஆகும் என்பது வழிவழியாகத் தெரிந்த சங்கதி. கார் நுழையாத அன்றுதான் நடப்பவர்களுக்கு அந்த வீதி முழுதாகக் கிடைக்கிறது. திறக்கும் நேரம் தெரிந்த மூடலை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

மெட்ரோ தடுப்பில் தேதி இல்லை. ஆறு மாதம் என்று ஆரம்பித்தது நீண்டுகொண்டே போகும். முதல் கட்டத்தின்போது அண்ணா சாலையின் ஒரு பகுதி பல ஆண்டுகள் ஒருவழிப் பாதையாகவே கிடந்ததை நகரம் மறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் பஸ்ஸை விட்டு பைக் வாங்கியவர்கள், சாலை திறந்த பிறகு பஸ்ஸுக்குத் திரும்பியிருப்பார்களா? கடன் போட்டு வாங்கிய வண்டியை யாரும் வாசலில் நிறுத்திவிட்டு நிறுத்தத்துக்கு நடப்பதில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டும் காலத்தில் பொதுப் போக்குவரத்தை விட்டு ஓடியவர்களை, மெட்ரோ வந்த பிறகு மீட்டெடுப்பது மிகவும் கடினம்.

தென்கொரியத் தலைநகர் சியோல் இதை வேறு விதமாக அணுகியது. நகரின் மத்தியில் சோங்கேசோன் ஓடையின் மேல் போட்டிருந்த விரைவுச் சாலையை 2003-ல் மூடி இடிக்கத் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வண்டிகள் போன சாலை. அடுத்த ஆண்டு, 2004 ஜூலை 1-ம் தேதி, நகரின் மொத்த பஸ் அமைப்பையும் மாற்றினார்கள்: சாலை நடுவே பஸ்ஸுக்கு மட்டுமான தடம், புதிய வழித்தட எண்கள், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரே கட்டணக் கணக்கு. முதல் நாட்களில் குழப்பமும் கோபமும் இருந்தன. பின்பு பஸ் வேகம் பிடித்தது. சாலையை எடுத்துக்கொண்டவர்கள் அதற்கு ஈடாகப் பஸ்ஸுக்கு வழி கொடுத்தார்கள். காரை விட்டு வருவதற்கு ஒரு காரணமும் கொடுத்தார்கள்.

யார் பொறுப்பு?

சென்னையில் ஒரு சாலை மூடலில் கைவைக்கும் அமைப்புகளை எண்ணினால் தலை சுற்றும். தோண்டுவது மெட்ரோ நிறுவனம். அனுமதிப்பதும் திருப்பிவிடுவதும் போக்குவரத்துக் காவல்துறை. சாலை மாநகராட்சியுடையது அல்லது நெடுஞ்சாலைத் துறையுடையது. பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. பஸ் நிறுத்தத்தின் நிழற்குடைக்கு இன்னொரு ஒப்பந்ததாரர். இவர்களையெல்லாம் ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் கும்டா என்று அழைக்கப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. 2010-ல் சட்டம் வந்தது, 2019-ல் நடைமுறைக்கு வந்தது, முதலமைச்சரே தலைவர். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் 'சென்னை ஒன்' செயலியை 2025-ல் கொண்டுவந்ததும் இந்தக் குழுமம்தான். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் அந்தச் செயலியால், உங்கள் நிறுத்தம் நாளை முதல் 250 மீட்டர் தள்ளிப் போகிறது என்று முந்தைய நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியாதா? போன் இல்லாதவர்களுக்கு அதே நிறுத்தத்தில் பெரிய எழுத்தில் ஒரு தட்டி.

குழுமம் செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. எந்தச் சாலையை மூட அனுமதி கேட்டாலும், எத்தனை பஸ் நடைகள் பாதிக்கப்படும், எத்தனை நிறுத்தங்கள் போகும், மாற்று நிறுத்தம் எங்கே, கூடுதல் பஸ் எத்தனை என்ற கணக்கு இல்லாமல் அனுமதி கிடையாது என்று சொல்லலாம். அந்தக் கூடுதல் பஸ்களுக்கான செலவு, இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் போல, திட்டச் செலவிலேயே சேர வேண்டும். 63,246 கோடியில் அது பெரிய தொகையாக இருக்காது. ஒரே ஒரு தடம் மிஞ்சும் இடத்தில் அந்தத் தடத்தைப் பஸ்ஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் விட்டு, கார்களைச் சுற்ற விடலாம். காரால் சுற்ற முடியும். 50 பேர் இருக்கும் வண்டியைச் சுற்றவிட்டு ஒருவர் இருக்கும் வண்டிக்கு நேர்வழி கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை. ஒவ்வொரு தடுப்பிலும் எடுக்கும் தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். தேதி தள்ளினால் ஏன் என்று அதே பலகையில் சொல்ல வேண்டும்.

இன்னொரு முடிவு இப்போதே எடுக்கப்பட வேண்டியது. இரண்டாம் கட்டத்தின் தடுப்புகள் ஒவ்வொன்றாக அகற்றப்படும்போது, கீழே இருந்த பழைய சாலை திரும்பி வராது. அந்த இடத்தில் புதிதாக ஒரு சாலை போடப்படும். நிலையத்தின் வாசலிலேயே பஸ் நின்று ஏற்றப்போகிறதா, அல்லது அந்த இடம் கார் வந்து இறக்கிவிடும் தளமாகப் போகிறதா? பழைய நிறுத்தங்கள் பழைய இடத்துக்குத் திரும்புமா? நடைபாதை எத்தனை அடி? சைக்கிள் நிறுத்த இடம் உண்டா? இவை வரைபடத்தில் முடிவாகிற விஷயங்கள். தார் போட்ட பிறகு கேட்டால் பதில் கிடைக்காது. மாநகராட்சி வார்டுக் கூட்டங்களிலும் பகுதி சபைகளிலும் இந்த வரைபடங்களைக் காட்டச் சொல்லி இப்போதே கேட்க வேண்டும். கேட்கிறவர்களில் பஸ்ஸில் வருபவர்களும் சைக்கிளில் வருபவர்களும் இருக்க வேண்டும். ஆகவே அந்தக் கூட்டம் அவர்கள் வேலை முடிந்து, கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்து சேரக்கூடிய நேரத்தில் அல்லது ஞாயிற்றுக்கிழமையில் நடக்கட்டும்.